முப்பதாம் இடத்தில் வந்தவர்

விடியற்காலை ஐந்து மணி. பென்னலூர் ஏரிக்கரையை விட்டு இருள் இன்னும் அகலவில்லை. காலைப் பணிக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஆலைப் பேருந்துகள் நெடுஞ்சாலையில் வரிசையாக விரைகின்றன. அவற்றின் விளக்கொளியில், கரைமேல் ஓடும் இளைஞர் சிலரின் உருவங்கள் தோன்றித் தோன்றி மறைகின்றன. காவலர் தேர்வுக்குப் பயிற்சி செய்வோர் அவர்கள். 1,500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது நம் மாநிலத்தில் ஆண்களுக்கான விதி. அந்த ஏழு நிமிடங்களுக்குள் எத்தனை குடும்பங்களின் நம்பிக்கை அடங்கிக் கிடக்கிறது!

அவர்களுள் ஒருவன் நம் பங்கைச் சேர்ந்தவன். எழுத்துத் தேர்வில் வென்றான், ஓட்டத்தில் தோற்றான். கடைசிச் சுற்றில் கால் இடறி விழுந்தான். எழுந்து ஓடியும் நேரம் கடந்துவிட்டது. வீடு திரும்பியவனிடம் தந்தை பல நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. “ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன், சாமி. என் தலையைக் குனிய வைத்துவிட்டான்” என்று என்னிடம் வந்து முறையிட்டார். நானோ தக்க மறுமொழி கூறாமல், “அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்” என்று இரண்டொரு சொல்லில் முடித்து அவரை அனுப்பிவிட்டேன். அன்று கூறத் தவறியதை இன்று கூற முற்படுகிறேன். அதற்கு எனக்குத் துணைவருவது ஓர் ஓட்டப் பந்தயம்.

மேடும் பள்ளமும் சேறும்

‘கிராஸ் கன்ட்ரி’ என வழங்கும் ஓட்டத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். செப்பனிட்ட ஓடுதளத்தில் ஓடுவதன்று அது. புல்வெளி, மேடு, பள்ளம், சேறு, நீரோடை என இயற்கை எப்படி இருக்கிறதோ அப்படியே அதன்மேல் ஓடுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளி மாணவரின் விளையாட்டாகத் தொடங்கிய இது, 1903-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் நகரில் நான்கு நாடுகள் கலந்துகொண்ட பன்னாட்டுப் போட்டியாக வளர்ந்தது. ஒலிம்பிக்கிலும் மூன்று முறை இடம்பெற்றது. 1924-இல் பாரிஸ் நகரின் கொடும் வெயிலில் ஓடத் தொடங்கிய 38 பேருள் 15 பேரே ஓடி முடித்தனர். அத்துடன் ஒலிம்பிக் இதற்கு விடைகொடுத்துவிட்டது. 1973-இல் பெல்ஜியத்தின் வாரெகெம் நகரில் இன்றைய உலகப் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. நம் நாட்டிலும் இவ்வோட்டம் உண்டு. 2022 மார்ச்சு மாதம் நாகாலாந்தின் கோகிமா நகரில் தேசியப் போட்டியும் தெற்காசியப் போட்டியும் ஒருங்கே நடைபெற்றன.

இப்போட்டியின் கணக்கைக் கேளுங்கள். ஒவ்வொரு வீரரும் தமக்காக ஓடுகிறார். தம் நாட்டுக்காகவும் ஓடுகிறார். முதலில் வந்தவருக்கு ஒரு புள்ளி, பத்தாவதாக வந்தவருக்குப் பத்துப் புள்ளி. ஒரு நாட்டின் சார்பில் ஆறு பேர் வரை ஓடலாம். அவர்களுள் முன்னே வந்த நால்வரின் புள்ளிகளைக் கூட்டுவர். கூட்டுத்தொகை எந்த நாட்டுக்குக் குறைவோ அந்த நாடு வெற்றி பெறும். ஒரு நாட்டின் வீரர்கள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்து, மற்ற இருவர் 30, 40-ஆம் இடங்களில் வந்தால் தொகை 73. இன்னொரு நாட்டினர் நால்வரும் 8, 9, 10, 11 என ஒருவர்பின் ஒருவராக வந்தால் தொகை 38. முதல் பத்தக்கத்தை முந்திய நாட்டார் பெறலாம். அணியின் வெற்றி பிந்திய நாட்டாருக்கே.

நான்காவதாக வருபவரைப் புகைப்படம் எடுப்பாரில்லை. ஆயினும் அவர் பாதியில் விலகினால் அணி தளர்ந்துவிடும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் குடும்பங்களே நினைவுக்கு வருகின்றன. கென்யா நாட்டு ஆடவர் அணி 1986 முதல் 2003 வரை இடைவிடாமல் 18 ஆண்டுகள் இவ்வெற்றியைப் பெற்றது. அதுவும் ஒரு தனி வீரரின் காலால் வந்ததன்று.

கம்பாலாவில் ஒரு வீழ்ச்சி

உகாண்டா என்றதும் நமக்கு நினைவில் எழுவோர் 1964-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்ற மறைசாட்சியர் இருபத்திருவர். அவர்களுட் பலர் உயிர் நீத்த நமுகோங்கோ, தலைநகர் கம்பாலாவுக்கு அருகில் உள்ளது. அதே கம்பாலாவில் 2017 மார்ச்சு 26-ஆம் நாள் உலகப் போட்டி நடைபெற்றது. ஆடவருக்கான பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் சொந்த நாட்டு வீரர் ஜோசுவா செப்டெகெய் அனைவரையும் பின்தள்ளி முன்னே சென்றார். அப்போது அவருக்கு இருபதே வயது. கூடியிருந்த மக்களின் ஆரவாரம் வானைப் பிளந்தது. கடைசிச் சுற்று. வெற்றிக் கோடு நெருங்கிக்கொண்டிருந்தது.

திடீரெனக் கால்கள் தளர்ந்தன. உடலின் வலிமை முழுவதும் வற்றிவிட்டது. ஓட்டம் தள்ளாட்டமாயிற்று. பின்னால் வந்த கென்ய வீரர் ஜெஃப்ரி கம்வொரோர் கடந்து சென்று வென்றார். ஒருவர்பின் ஒருவராகப் பலர் கடந்தனர். தம் மக்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இளைஞர் தள்ளாடித் தள்ளாடி நடந்தார், ஆனால் விலகவில்லை. முப்பதாம் இடத்தில் கோட்டைக் கடந்தார்.

அவர் கதை அத்துடன் முடிந்திருக்கலாம். முடியவில்லை. 2019 மார்ச்சு 30-ஆம் நாள் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் அடுத்த உலகப் போட்டி. ஓடுபாதை அங்கிருந்த அருங்காட்சியகத்தின் புல் வேய்ந்த சரிவுக் கூரை மேலேயே ஏறி இறங்கியது. செப்டெகெய் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவரும் உகாண்டா வீரரே. அணிக்கான பொற்பதக்கமும் அந்நாட்டுக்கே கிடைத்தது. 2020-இல் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் உலகச் சாதனை படைத்தார். டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் தங்கம் பெற்றார்.

பின்னாளில் வென்றதனால் மட்டும் அவரை நான் போற்றவில்லை. வென்றிராவிட்டாலும் கம்பாலாவில் அவர் நடந்த அந்தக் கடைசித் தொலைவு போற்றத்தக்கதே. விழுந்தோர் அனைவரும் பின்னர் வெல்வர் என்று நான் உங்களுக்கு வாக்களிக்க இயலாது. வாழ்க்கை அவ்வாறு நடப்பதில்லை.

நம் மண்ணின் மைந்தர்

இதற்கு நம் தமிழகத்திலும் சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோவிந்தன் இலட்சுமணன் 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் இரு தங்கம் வென்றார். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார். ஆனால் ஓடும்போது தடத்தின் உள்விளிம்புக்கு வெளியே கால் வைத்துவிட்டார் என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வெண்கலம் கைநழுவியது. தாயகம் திரும்பிய அவருக்கு மத்திய விளையாட்டு அமைச்சகம் பத்து இலட்சம் ரூபாய் பரிசளித்தது. விதி பறித்த பதக்கத்தை நாடு திருப்பிக் கொடுக்க இயலாது. உழைப்பை மதிக்க இயலும். அதைச் செய்தது.

தூக்கிவிடும் கை

மற்றொரு நிகழ்ச்சி. 2023 பிப்ரவரி 18-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் நகரில் மகளிர் ஓட்டம். எத்தியோப்பிய வீராங்கனை லெட்டசென்பெட் கிடே முன்னணியில் ஓடிவந்தார். வெற்றிக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்பு நிலைகுலைந்து வீழ்ந்தார். கென்யாவின் பீட்ரிஸ் செபெட் கடந்து சென்று வென்றார். விழுந்து கிடந்தவரைக் கண்டு மனம் பொறாத ஒருவர் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார். கிடே எழுந்து கோட்டைக் கடந்தார். ஆனால் பிறர் உதவி பெற்றதனால் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

பந்தயத்தின் சட்டம் அதுதான். அதைக் குறைகூற மாட்டேன். ஆனால் குடும்பத்தின் சட்டம் வேறு. அங்கே தூக்கிவிடாதவரே தகுதி இழக்கிறார். புனித சின்னப்பர் தம் திருமுகங்களில் கிறிஸ்தவ வாழ்வை ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிட்டதை அறிவோம். அதே சின்னப்பர்தான் ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்க வேண்டும் என்றும் கற்பித்தார். ஓடவும் வேண்டும், விழுந்தவனுக்காகக் குனியவும் வேண்டும். சிலுவைப் பாதையில் நம் ஆண்டவர் மூன்று முறை விழுந்ததைத் தவக்காலந்தோறும் தியானிக்கிறோம். விழுதல் இழிவு என்றால் அந்த மூன்று நிலைகளையும் நாம் என்ன செய்வது?

இட்டேன் நகரத்து ஆசிரியர்

அடையாற்றில் பள்ளிகள் நடத்தும் பத்திரிசியார் சபைச் சகோதரர்களை நம்மில் பலர் அறிவர். அதே சபையின் அயர்லாந்துச் சகோதரர் கோல்ம் ஓகானல் 1976-இல் கென்யாவின் இட்டேன் நகரப் புனித பத்திரிசியார் பள்ளிக்குப் புவியியல் கற்பிக்கச் சென்றார். ஓட்டப் பயிற்சியில் அவருக்கு முன்னறிவு இல்லை. பிள்ளைகள் ஓடுவதை உற்றுநோக்கி உற்றுநோக்கியே அவர் கற்றார். சில ஆண்டுகள் தங்கச் சென்றவர் அங்கேயே நிலைத்துவிட்டார். அப்பள்ளி மாணவர் பீட்டர் ரோனோ 1988 சியோல் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரில் தங்கம் வென்றார். அவரிடம் பயின்ற டேவிட் ருடிஷா 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் உலகச் சாதனையுடன் வென்றார். பெயர் பெறாத பிள்ளைகளோ இவர்களினும் பலர். அவர்களுக்கும் காலைதோறும் மைதானத்தில் ஓர் ஆசிரியர் நின்றிருந்தார்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்கு நாம் அளிக்க வேண்டியது இதுவே. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், வேலை கிடைக்காத நாளில், வாசலில் நின்று முகம் பார்த்துச் சோறு போடும் ஒருவர் வேண்டும். “உன் இடம் முப்பதானாலும் நீ நம் கணக்கில் உண்டு” என்ற சொல் வேண்டும்.

அந்தத் தந்தையிடம் அண்மையில் இதையெல்லாம் எடுத்துரைத்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “விழுந்த பிறகும் ஓடினானாமே, சாமி. அதை நான் கேட்கவே இல்லையே” என்றார். மறுவாரம் திருப்பலிக்குச் செல்லும் வழியில் ஏரிக்கரையை நோக்கினேன். மகன் ஓடிக்கொண்டிருந்தான். கரையோரம் மிதிவண்டியை நிறுத்திவிட்டு, கையில் தண்ணீர்ப் புட்டியுடன் தந்தை நின்றுகொண்டிருந்தார். வரும் தேர்வில் அவன் வெல்வானா, அறியேன். அவனுக்காகச் செபியுங்கள், அவன் தந்தைக்காகவும்.