கர்ப்பகாலக் குருதிச்சோகையும் லூசி வில்ஸின் ஆய்வுக் கட்டுரைகளும்

திரியாய் போன்ற வரண்ட வலயக் கிராமங்களிலே மலேரியா நிலைகொண்டிருந்த காலத்தில், கர்ப்பிணித் தாய்மாரின் குருதிச்சோகைக்கு அக்காய்ச்சல் ஒரு காரணம். வறிய உணவு மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. பின்னதை ஆய்வுகளால் நிறுவியவருள் முதன்மையானவர் லூசி வில்ஸ் (1888–1964).

1928இல் பம்பாய்க்கு வந்த இவ்வாங்கில மருத்துவர், பஞ்சாலைத் தொழிலாளப் பெண்களிடையே காணப்பட்ட கொடிய சோகையை ஆராய்ந்தார். செங்குருதிக் கலங்கள் அளவிற் பெருத்து, எண்ணிக்கையிற் குறையும் நோய் அது. 1930இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்த தொடர் கட்டுரைகளுள் ஒன்று, தல்பதேயுடன் சேர்ந்து எழுதியது. அப்பெண்களின் உணவையும் வாழ்நிலையையும் அளந்தது. அதிகம் பேசப்படாத இக்கட்டுரையையே நாம் பெரிதும் மதிக்கிறோம். கூலியும் அடுப்படியும் குருதியியலுக்குள் நுழைந்த இடம் அது.

புகழ்பெற்றதோ 1931இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. மலிவான மதுவச் சாறாகிய மார்மைற் அச்சோகையைத் தீர்த்ததென அது காட்டிற்று. (1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது இலங்கையிலும் போசாக்கற்றோருக்கு மார்மைற் வழங்கப்பட்டது.) 1937ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் நுட்பமானது: தூய்மையாக்கிய ஈரற்சாறு பயன்தரவில்லை, தூய்மையாக்காதது தந்தது. எனவே குணமாக்கும் பொருள், அக்காலத்தார் ஈரலிற் கண்டிருந்த காரணியன்று; வேறொன்று.

அதற்குப் போலிக் அமிலம் என 1941இல் பெயரிடப்பட்டது. 1945இல் அதனைத் தொகுத்தாக்கிய லெடர்லே ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சித் தலைவர், ஆந்திர நாட்டு எல்லாப்பிரகட சுப்பராவ். கருவின் நரம்புக்குழாய்க் குறைபாடுகளை அது தடுக்குமென 1991இல் நிறுவப்பட்டது. இன்று நம் தாய்சேய் நல நிலையங்களில் அது சிறு மாத்திரையாக வழங்கப்படுகிறது.