கடைசி எழுத்து

சனிக்கிழமை வேலையில் சேர்த்த காசோடு தம்பி வந்து நின்றான். கேம் விளையாட ஒரு கொம்பியூட்டர் பூட்ட வேண்டுமாம். நாங்கள் குடியிருப்பதுதான் மிச்சத்தில். கையில் மிச்சம் அதிகம் இல்லை. ஆகவே புரொசசரில் சிக்கனம் பிடித்தோம்.

இரண்டைப் பார்த்து வைத்திருந்தோம். இன்டெல் கோர் ஐ3-12100எஃப்: 4 கோர், 8 திரெட். ஏஎம்டி ரைசன் 5 5600: 6 கோர், 12 திரெட். இரண்டும் 2022இல் வந்தவை. விலை குறைவென்று முதலாவதை வாங்கினோம். கிராபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கலாம் என்பது எண்ணம்.

இரவு வேலை முடிந்து வந்து பார்த்தால் விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு. தம்பியின் முகமும் அப்படித்தான். காசு போய்விட்டது என்றே நினைத்தோம். வாலிபர் கூட்டத்துப் பிள்ளை ஒருவன்தான் விளக்கினான்: இன்டெல் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்டு பூட்டாமல் படம் வராது. வார்டில் மருந்தின் பெயரை இரண்டு முறை வாசித்த பிறகே கொடுத்துப் பழகிய நாங்கள், இந்த ஓர் எழுத்தை வாசிக்கவில்லை!

புரொசசரில் குறை இல்லை. விளையாட்டின் படத்தை வரைகிற பாரம் கார்டின் மேல்தான். பெரும்பங்குக் காசு அங்கே போகட்டும். கார்டு வாங்கத் தாமதமாகும் என்றால், பிள்ளைகளே, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி போன்றதை எடுங்கள். வீட்டில் பழைய ஏஎம்4 மதர்போர்டு கிடந்தால் எறிய வேண்டாம். பயாஸைப் புதுப்பித்தால் பலவற்றில் 5600 வேலை செய்யும். போர்டைச் செய்தவர்களின் பட்டியலை முதலில் பாருங்கள்.

தம்பி இரண்டு மாதம் பொறுத்து, ஒருவர் பாவித்த கார்டை வாங்கிப் பூட்டினான். இரவு பதினொரு மணிக்குப் படம் வந்தது. அம்மாவையும் எழுப்பிக் காட்டினான்.