எண்ணெயும் ஆட்சியும் – 9: டீசல் விலையைப் பிடித்திருக்கும் கை

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் டீசல். அதைப் புரிந்துகொள்ளத் தில்லிக்குப் போக வேண்டாம், ஒட்டன்சத்திரம் போதும்.

திண்டுக்கல் – பழனி சாலையில் உள்ள இந்தக் காய்கறிச் சந்தையில் ஏறும் சரக்கில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. கள்ளிமந்தையம், இடையகோட்டைப் பக்கத்துச் சிறு விவசாயிகள் முருங்கைக்காயையும் தக்காளியையும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து ஒரே குட்டியானையில் ஏற்றி வருவார்கள். வாடகையை மூட்டைக் கணக்கில் பிரித்துக்கொள்வார்கள். சந்தைக்கு வந்தால் கமிஷன், இறக்குக்கூலி எல்லாம் கழிந்த பிறகே பணம் கைக்கு வரும். வாங்குகிற வியாபாரியோ பாலக்காடு போகும் லாரி வாடகையை மனக்கணக்கில் கழித்துவிட்டுத்தான் விலை சொல்கிறார். ஆக, டீசல் ஏறினால் விவசாயிக்கு இரண்டு பக்கமும் அடி. வாடாத பொருளாக இருந்தால் வைத்திருந்து விற்கலாம். தக்காளியை எத்தனை நாள் வைத்திருப்பது?

தமிழ்நாட்டில் கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. அதனால் பாசனத்தில் டீசலின் கை நீளவில்லை. உழவிலும் வண்டியிலும் நீள்கிறது. டீசல் ஏறியதைச் சொல்லி உயர்ந்த டிராக்டர் வாடகை, டீசல் இறங்கியபோது இறங்கியதாக இந்தப் பக்கம் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

2013 ஜனவரியில் மன்மோகன் சிங் அரசு டீசலை மாதம் 50 பைசா அளவில் ஏற்ற எண்ணெய் நிறுவனங்களுக்கு அனுமதி தந்தது. 2014 அக்டோபர் 18 அன்று மோடி அரசு கட்டுப்பாட்டை முழுவதுமாக எடுத்தது. அன்றைய முடிவில் லிட்டருக்கு 3.37 ரூபாய் குறைந்தது. இனி உலகச் சந்தையில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதே சொல்லப்பட்ட ஏற்பாடு.

உலகச் சந்தை இறங்கத்தான் செய்தது. 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் இருந்த பிரென்ட் கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. ஆனால் 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை மத்திய அரசு ஒன்பது முறை கலால் வரியை ஏற்றியது. டீசலில் மட்டும் மொத்தம் 13.47 ரூபாய். கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில், பிரென்ட் 20 டாலருக்கும் கீழே சரிந்தது. மே மாதம் டீசலுக்கு மேலும் 13 ரூபாய் வரி விழுந்தது. ஒரு லிட்டரில் மத்திய வரி 31.83 ரூபாய் ஆனது. 100 லிட்டர் அடிக்கும் லாரி 3,183 ரூபாயைத் தில்லிக்குக் கட்டிவிட்டுத்தான் நகர முடிந்தது.

வருமானம் வற்றிய கொரோனா காலத்தில் அரசுக்குப் பணம் வேண்டும்தான், மறுப்பதற்கில்லை. அந்தப் பணம் யாரிடம் போனது என்பதே கேள்வி. 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு இருந்த 31.80 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைக் கலால் 1.80, சிறப்புக் கூடுதல் வரி 8, சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 18, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 4. இவற்றில் மாநிலங்களோடு பகிர வேண்டியது முதல் 1.80 மட்டும். பதினைந்தாவது நிதிக்குழு சொன்ன 41 சதவீதப்படி, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து லிட்டருக்குச் சுமார் 74 பைசா. வேளாண்மையின் பெயரைச் சொல்லி வாங்கிய 4 ரூபாயை, சந்தைக்குக் காய் கொண்டுவந்த விவசாயியும் வண்டி வாடகை வழியாகக் கட்டினார்.

விலை நிற்பதற்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை வந்தது. 2018 மே மாதக் கர்நாடகத் தேர்தலை ஒட்டி 19 நாள் விலை அசையவில்லை. உத்தரப் பிரதேசத் தேர்தல் காலத்தில், 2021 நவம்பர் 4 முதல் 137 நாள் அசையவில்லை. கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியபோதும் அப்படியே நின்றது. முடிவுகள் வந்த பின், 2022 மார்ச் 22-ல் தொடங்கி இரண்டே வாரத்தில் 10 ரூபாய் ஏறியது. 2024-ல் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது மார்ச் 16. அதற்கு முந்தைய நாள் காலையில் 2 ரூபாய் குறைந்தது. 2022-ல் நட்டப்பட்டதை மீட்கிறோம் என்று விலையைக் குறைக்காமல் வைத்திருந்த மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் 2023-24-ல் சேர்ந்து ஈட்டிய லாபம் ஏறக்குறைய 81,000 கோடி ரூபாய்.

சென்னைக் கோட்டையும் கை கழுவிக்கொள்ள முடியாது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. தேர்தல் அறிக்கையில் டீசலுக்குச் சொன்ன 4 ரூபாயைக் குறைக்கவில்லை. பெட்ரோல், டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர அரசியல் சட்டத்தின் 279ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. எந்த நாளிலிருந்து என்பதை ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய கவுன்சில், இது நேரமல்ல என்று முடித்துவிட்டது. மற்ற விஷயங்களில் முட்டிக்கொள்ளும் மத்திய, மாநில அரசுகள் இதில் மட்டும் ஒத்துப்போயின.

கட்டுப்பாடு நீங்கியது என்பது காகிதத்தில் இருக்கிறது. இறங்கும்போது வரியாலும், தேர்தல் நேரத்தில் மௌனத்தாலும் விலையைப் பிடித்திருப்பது அரசின் கைதான். பிடிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கச்சா எண்ணெய் இன்ன விலையைத் தாண்டினால் வரி இவ்வளவு குறையும், இறங்கினால் இவ்வளவு ஏறும் என்று ஒரு விதியை எழுதி வெளியிடட்டும். அந்த விதிக்குத் தேர்தல் தேதி தெரியக் கூடாது. வாக்குக் கேட்டு உங்கள் ஊருக்கு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த ஒன்றை எழுதித் தரச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: சிலிண்டர் மானியம்)