துரை பங்களாவும் தோட்டத்து ரொட்டியும்

அட்டன் நகரிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டை நோக்கிச் செல்வோர், வழியிலே தோன்றும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைக் கண்டு வியவாதிருத்தல் அரிது. கெகெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணைக்கு மேலே, மலை மடிப்புகளுக்கிடையில் விரித்த விரல்களைப் போல நீண்டு கிடக்கிறது நீர். விமலசுரேந்திர மின்நிலையத்தை 1965ஆம் ஆண்டு முதல் இயக்கி வருவது இந்நீரேயாகும்.

இப்பகுதித் தேயிலைச் சரிவுகளில் நிற்கும் பழைய துரை பங்களாக்கள் சில, 2005ஆம் ஆண்டிலே 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்னும் பெயரில் விருந்தினர் விடுதிகளாயின. பல நாடுகளிலிருந்தும் வருவோர் இங்கே நீர்ப்பரப்பை நோக்கியமர்ந்து உணவருந்துகின்றனர். இத்தகைய மேசைக்கு வரும் உணவின் வரலாற்றைச் சற்றே ஆராய்வோம்.

மிளகுத் தண்ணீரின் பயணம்

அக்காலத்துத் துரைமாரின் சமையலறையை ஆண்டவர் 'அப்பு' என்று அழைக்கப்பெற்ற சமையற்காரரே. அவர் கையிலே இரண்டு நாட்டுச் சுவைகள் கலந்தன. ஆங்கிலேயர் 'மல்லிகாட்டானி' என்று பெருமையுடன் பருகிய சூப்பு, நம் வீட்டு மிளகுத் தண்ணீரன்றி வேறன்று. இறைச்சி சேர்ந்தது, நாவிலே பெயர் திரிந்தது, அவ்வளவே!

அவர்கள் கொணர்ந்ததும் நம்மிடம் தங்கியது. சாமுவேல் பேக்கர் 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிலே குடியேறி, ஆங்கில முறையில் பண்ணை அமைத்தார். லீக்ஸ், கரட், பீட்ரூட் முதலியன இன்று மலைநாட்டின் சொந்தப் பயிர்களாகவே மதிக்கப்படுகின்றன. ஆகவே, உணவிற்குக் குலமுமில்லை, எல்லையுமில்லை. உயர்வு தாழ்வு கற்பிப்பது மனிதரே.

வேல்ஸ் நாட்டார் காட்டும் வழி

பிரித்தானியாவின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். கடற்பாறைகளில் வளரும் ஒருவகைப் பாசியை மணிக்கணக்காக வேகவைத்துக் கூழாக்கி, ஓட்ஸ் மாவிலே புரட்டிப் பொரித்தெடுப்பர். தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் காலையுணவு அது. இன்றோ, அந்நாட்டுக் கடற்கரை விடுதிகளிலே 'எங்கள் நாட்டு உணவு' என்று பெருமிதத்தோடு விருந்தினருக்குப் பரிமாறப்படுகிறது. உழைப்பாளியின் உணவை மறைக்காமல் முன்வைத்ததே அவர்கள் செய்த நற்செயல்.

நம் தோட்டத்து ரொட்டி மட்டும் எதிலே குறைந்தது? கோதுமை மாவிலே தேங்காய்த் துருவலிட்டுப் பிசைந்து, கையாலே தட்டிக் கல்லிலே சுட்டெடுப்பது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் சேர்த்தரைத்த சம்பல் அதற்குத் துணை. விடியற் பனியில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் பொதிந்தெடுத்துச் செல்வது அதனையே. ஒரு கையாலே உண்ணலாம். ஆறினும் பசி தீர்க்கும். இன்று அதே ரொட்டியையும் சம்பலையும் நட்சத்திர விடுதிகளின் காலையுணவு மேசையிலும் காணலாம். விருந்தினர் விரும்பிக் கேட்டு வாங்கியுண்கின்றனர்.

ஆயினும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. விடுதியிலே போற்றப்படும் இவ்வுணவைப் பள்ளிக்கூடத்திலே பிறர் காணாவண்ணம் மறைத்துண்ணும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். பாண் கொணர்ந்தவன் தலைநிமிர்ந்திருக்க, ரொட்டி கொணர்ந்தவள் மூலையைத் தேடுகிறாள். அந்நாணம் அவள் கற்றதன்று, நாம் கற்பித்தது.

சுவையைப் போற்றிச் சுட்ட கையை மறத்தல் நீதியாகாது. ஏரிக்கரை மேசையிலே தேநீரின் மணத்தை நுகர்வோர், அக்கொழுந்தைக் கிள்ளியவர் வாழும் லயன் அறைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாணவச் செல்வங்களே, நாளைக் காலை அம்மா கட்டித்தரும் பொதியை மறைக்க வேண்டாம். அடுத்திருக்கும் தோழனுக்கும் ஒரு துண்டு பிட்டுக் கொடுங்கள். உங்கள் ரொட்டியின் பெருமை அங்கிருந்தே தொடங்கட்டும்!