அல்சருக்குக் காரணம் மிளகாய் அல்ல, கிருமி! குடித்துக் காட்டினார் டாக்டர்

சித்தையன்கோட்டை,
மேல் வயிற்றில் எரிச்சல். பசித்தால் வலி. நடுராத்திரியில் தூக்கம் போச்சு. "கேஸ்தான், ஒரு சோடா குடி, சரியாப் போயிடும்" என்கிறார்கள் வீட்டில். மருந்துக்கடையில் ஜெலுசில் வாங்கிக் குடித்தே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் சித்தையன்கோட்டையிலும் உண்டு, திண்டுக்கல் டவுனிலும் உண்டு.

அந்த வலிக்குப் பின்னால் ஒரு கிருமி பதுங்கி இருக்கலாம்! அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

மடக்கென்று குடித்தார்

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர டாக்டர்கள் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 1982-ல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். "இரைப்பை அமிலத்தில் கிருமி பிழைக்குமா?" என்று மற்றவர்கள் நம்பவில்லை.

1984-ல் மார்ஷல், கிருமி கலந்த கரைசலைத் தானே குடித்துவிட்டார்! சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பை அழற்சி கண்டிருந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உலகில் ஏறத்தாழ பாதிப் பேர் வயிற்றில் இது இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. சிலருக்கு அல்சர், வெகு சிலருக்குப் புற்றுநோய். மூட்டுவலி மாத்திரையை அடிக்கடி விழுங்கினாலும் அல்சர் வரும்.

எந்த டாக்டர்?

முதலில் ஊர் டாக்டரிடமே போகலாம். "எனக்கு கிருமி டெஸ்ட் எடுக்கணுமா?" என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். மலம் அல்லது மூச்சுப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அமில மாத்திரை சாப்பிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். அதனால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குழாய் விட்டுப் பார்க்க வேண்டி வந்தால், இரைப்பை-குடல் நிபுணர் தேவை. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு.

பாதியில் நிறுத்தாதீர்!

இரண்டு மூன்று மருந்துகளோடு அமில மாத்திரையும் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள் கொடுப்பார்கள். நாலாம் நாள் வலி நின்றதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டால், கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும். முடித்து ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனை அவசியம்.

மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ சோடாவும் வேண்டாம், ஜெலுசிலும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்!