புதுக் காருக்கு எது தேவை, எது அலங்காரம்?



தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் குடும்பச் செலவைப் பற்றிப் பேசினாலே கார் விஷயம் வந்துவிடும். அதிலும் நம் சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் சொல்லவே வேண்டாம். வீடு பீடோங்கில், வேலை கூலிம் தொழிற்சாலையில், பிள்ளைகளின் டியூஷன் பட்டணத்தில் என்று வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். காரில்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த முதல் தலைமுறைக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய கடன் கார்தான். ஒன்பது ஆண்டுத் தவணை என்பது, இன்று முதலாம் ஆண்டில் காலடி வைக்கும் பிள்ளை மூன்றாம் படிவத்தை முடிக்கும் வரை ஓடும் கடன்.

எந்தக் கார் வாங்குவது என்று நாம் பல மாதம் யோசிக்கிறோம், நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் ஷோரூமில் கையெழுத்துப் போடும் கடைசி பத்து நிமிடத்தில் இன்னொரு தாள் வருகிறது. பாடி கிட், ஸ்பாய்லர், கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், தோல் இருக்கை உறை, கதவு ஓர விளக்கு, டேஷ்கேம், பெயிண்ட் கோட்டிங் என்று பட்டியல் நீள்கிறது. "அண்ணே, எல்லாம் சேர்த்தாலும் மாசத்துக்கு நாப்பது வெள்ளிகூட ஆகாதுண்ணே" என்கிறார் விற்பனையாளர். நாமும் தலையாட்டுகிறோம். இவற்றில் எதற்குப் பணம் போடலாம், எதை விட்டுவிடலாம்? இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி

'இது நன்றாக இருக்குமா?' என்று யோசித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். 'இதை அடுத்த வருடம் பொருத்திக்கொள்ள முடியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஸ்பாய்லர், கறுப்புத் தாள், டேஷ்கேம், கால்மிதி ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் எந்தக் கடையிலும் பொருத்தலாம். விலையைப் பேசிக் குறைக்கவும் முடியும். ஆனால் காற்றுப்பை, கார் சறுக்காமல் தடுக்கும் இஎஸ்சி, தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி ஆகியவை தொழிற்சாலையிலேயே காரின் உடம்போடும் கணினியோடும் சேர்ந்து பிறப்பவை. காரை வாங்கிய பிறகு எந்தப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றாலும் அவற்றை முறையாகச் சேர்க்க முடியாது. ஆகவே கையில் இருக்கும் பணம் முதலில் பின்னால் சேர்க்க முடியாதவற்றுக்குப் போகட்டும். மற்றவை காத்திருக்கும்.

உயிர் காக்கும் பொருளும் 'எக்ஸ்ட்ரா'வாகத்தான் இருந்தது

இன்று இருக்கை வார் இல்லாத காரை நம்மால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1956ஆம் ஆண்டு மாடல்களில் இருக்கை வாரைத் தனிக் காசு கொடுத்து வாங்கும் பொருளாகத்தான் விற்றது. இன்று நாம் அணியும் மூன்று முனை வாரை வோல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். 1959இல் அது வோல்வோ கார்களில் வந்தது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையை வோல்வோ திறந்துவிட்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1974 முதல் 1976 வரை சில கார்களில் காற்றுப்பையைக் கூடுதல் வசதியாக விற்றுப் பார்த்தது. ஏறக்குறைய 10,000 கார்களுக்குத்தான் ஆள் கிடைத்தது; திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் 1978இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் விருப்பப் பொருளாகத்தான் வந்தது. ஒரு பொருள் விருப்பப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக அது ஆடம்பரம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 2005இல் பெரொடுவா மைவி வந்தபோது ஏபிஎஸ் எல்லா வகையிலும் இல்லை; விலை கூடிய வகைகளில்தான் இருந்தது. 2018 ஜூன் முதல் மலேசியாவில் புதிதாக அறிமுகமாகும் பயணியர் கார் மாடல்களுக்கு இஎஸ்சி கட்டாயமானது. ஆனால் அதற்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்ட மாடல்களை அந்த விதி உடனே பிடிக்கவில்லை. 2019இல் புதுப்பிக்கப்பட்ட புரோட்டோன் சாகாவில் உயர்ந்த வகையில் இஎஸ்சி இருந்தது, அடிப்படை வகையில் இல்லை. 2021 நவம்பரில் வந்த மைவி 1.3 ஜி வகை இரண்டு விதமாக விற்பனைக்கு வந்தது. ஒன்றில் தானியங்கி பிரேக் அடங்கிய பாதுகாப்புத் தொகுப்பு உண்டு, மற்றதில் இல்லை. விலை வித்தியாசம் சில ஆயிரம் வெள்ளிதான்.

இங்கேதான் நம் வீட்டுக் கணக்கு தடம் புரள்கிறது. 'குறைந்த வகையே போதும், மிச்சப் பணத்தில் ரிம்மும் பாடி கிட்டும் போட்டுக்கொள்ளலாம்' என்று பலரும் நினைக்கிறார்கள். பார்வைக்கு விலை உயர்ந்த கார் மாதிரியே இருக்கும். ஆனால் மழை நாளில் குரூண் பக்கம் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லோரி திடீரென்று நின்றால், பாடி கிட் பிரேக் பிடிக்காது.

இஎஸ்சி என்ன செய்கிறது? வளைவில் கார் நாம் திருப்பும் பக்கம் போகாமல் சறுக்கத் தொடங்கினால், அதை உணர்ந்து தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும். வேறு வாகனம் மோதாமல் தனியாகவே விபத்துக்குள்ளாகும் கார்களில் உயிரிழப்பு ஏற்படும் அபாயம் இதனால் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் கண்டறிந்துள்ளது. தானியங்கி பிரேக் உள்ள கார்கள் முன்னால் போகும் வாகனத்தின் பின்புறம் மோதுவதும் சுமார் பாதியாகக் குறைந்திருக்கிறது. எல்லா வேகத்திலும் எல்லா வானிலையிலும் அது கைகொடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கடும் மழையில் அதன் கேமராவும் தடுமாறும். இருந்தாலும் ஒரு நொடி கண் அயர்ந்தவரை எழுப்பும் துணை அது. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் தொழிற்சாலை ஊழியர்களுக்கு அந்த ஒரு நொடியின் அருமை தெரியும்.

கறுப்புத் தாள்: இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு

கெடாவின் வெயிலுக்குக் கண்ணாடித் தாள் பயனுள்ள பொருள்தான். ஆனால் எவ்வளவு கறுப்போ அவ்வளவு குளிர்ச்சி என்று எண்ண வேண்டாம். வெயிலின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் இருக்கிறது. மலிவான கறுப்புத் தாள் வெளிச்சத்தைத் தடுக்கும், ஆனால் வெப்பத்தைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். நல்ல தாள் பார்வைக்குத் தெளிவாக இருந்தபடியே வெப்பத்தைத் தடுக்கும். ஆகவே கடையில் 'மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை விழுக்காடு தடுக்கும்?' என்று கேளுங்கள். அகச்சிவப்புக் கதிருக்கான எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள்.

சட்டமும் உண்டு. 2019 மே 8 முதல் நடப்புக்கு வந்த விதியின்படி, முன் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தையும், முன் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உலோகம் கலந்த தாள் சுங்கச் சாவடியின் ஆர்எஃப்ஐடி ஒட்டியின் அலையைத் தடுக்கலாம் என்பதையும் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

காசு கொடுத்து ஆபத்தை வாங்காதீர்கள்

சில துணைப்பொருள்கள் வீண்செலவு என்பதோடு நிற்பதில்லை, உள்ளே இருக்கும் பாதுகாப்பையும் கெடுத்துவிடும். பல கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கையின் ஓரத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன்மீது இறுக்கமான உறையைப் போட்டால், பை விரிய வேண்டிய நேரத்தில் தடைபடலாம். உறை வேண்டுமென்றால், காற்றுப்பைக்கு வழிவிடும் தையல் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

கால்மிதியும் அப்படித்தான். 2009இல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதி எண்ணெய் மிதியில் சிக்கிக்கொள்ளும் அபாயம்தான். பழைய மிதியின்மேல் புதியதை அடுக்காதீர்கள். கொக்கியில் மாட்டும் அளவான மிதி ஒன்றே போதும்.

பெரிய ரிம், மெல்லிய டையர் நம் தோட்டப் பாதைகளுக்கு ஒத்துவராது. செம்மண் குழியில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்குப் போகும். டையர் மாற்றும் செலவும் கூடும்.

பெயிண்ட் கோட்டிங் மழைநீரை வழிந்தோட வைக்கும், கழுவுவதை எளிதாக்கும். கீறலைத் தடுக்கும் கவசம் அல்ல. அடிப்பாகத் துருத் தடுப்புப் பூச்சை வாங்கும் முன், தொழிற்சாலையில் ஏற்கெனவே என்ன பூச்சு கொடுத்திருக்கிறார்கள், துருவுக்கு உத்தரவாதம் உண்டா என்று விசாரியுங்கள். நீர் வடியும் துளைகளை மூடிவிடும் மோசமான பூச்சு நன்மையைவிடத் தீமையே செய்யும்.

இதற்கு மாறாக, குறைந்த செலவில் நிறைந்த பயன் தருபவை இரண்டு. ஒன்று, பின்பக்கக் கேமரா. சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் தாமானிலும் தோட்டத்து லயத்திலும் காரைப் பின்னால் எடுக்கும்போது அதன் மதிப்பு தெரியும். மற்றொன்று டேஷ்கேம். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். யார் மீது தவறு என்ற வழக்கில் காணொளி பேசும். இரண்டையும் பிறகு பொருத்தலாம். ஆனால் கம்பியை வெட்டி இணைக்கும் பட்டறையைத் தவிர்த்துவிடுங்கள். மின்கம்பியில் கை வைத்ததால் உத்தரவாதம் பறிபோகக் கூடும்.

'நாப்பது வெள்ளி'யின் உண்மை விலை

இப்போது விற்பனையாளரின் கணக்கைப் பார்ப்போம். 3,000 வெள்ளிக்குத் துணைப்பொருள் வாங்கி, அதைக் கார் கடனோடு சேர்க்கிறீர்கள். பல்லாண்டு வழக்கில் இருந்த நிலையான வட்டி முறையில் ஆண்டுக்கு 3.5 விழுக்காடு, ஒன்பது ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 945 வெள்ளி. மொத்தம் 3,945 வெள்ளி. மாதத்துக்குச் சுமார் 36 வெள்ளி 50 காசு. 'நாப்பது வெள்ளிகூட ஆகாது' என்பது உண்மைதான். ஆனால் கால்மிதி கிழிந்து குப்பைக்குப் போய், இருக்கை உறை வெளுத்து, தாள் கொப்பளித்த பிறகும் அவற்றுக்கான தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

'இலவசம்' என்று தரும் பொருளையும் ஒருமுறை சோதியுங்கள். "தம்பி, இதெல்லாம் வேண்டாம். இதுக்குப் பதிலா விலையில எவ்வளவு கழிப்பீங்க?" என்று அமைதியாகக் கேளுங்கள். கழிவு கிடைத்தால் லாபம். கிடைக்காவிட்டாலும், உங்களுக்கு உதவும் பொருளாக மாற்றித் தரச் சொல்லலாம்.

காருக்கு வெளியே இருக்கும் துணைப்பொருள்

ஷோரூம் பட்டியலில் முன்னால் வராத, ஆனால் அவசியமான மூன்று செலவுகள் உண்டு.

முதலாவது வெள்ளக் காப்புறுதி. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. இயற்கைப் பேரிடர் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 2022 ஜூலையில் பாலிங் குப்பாங்கில் திடீர் வெள்ளம் என்ன செய்தது என்பது கெடா மக்களுக்குத் தெரியும். இரண்டாவது, முன் கண்ணாடிக்கான கூடுதல் காப்புறுதி. நெடுஞ்சாலையில் லோரியிலிருந்து தெறிக்கும் ஒரு கல் போதும். அதிலும் தானியங்கி பிரேக்கின் கேமரா கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் காரில், கண்ணாடியை மாற்றினால் கேமராவையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, குழந்தை இருக்கை. 2020 ஜனவரி 1 முதல் இது சட்டப்படி கட்டாயம். பின்னிருக்கை வார் 2009 ஜனவரி 1 முதலே கட்டாயம். அப்படியிருந்தும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமரும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. மோதலின்போது எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் வலிமை பெற்றதல்ல. ஸ்பாய்லருக்குப் போகும் பணத்தில் ஒரு நல்ல குழந்தை இருக்கை வாங்கிவிடலாம்.

ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன்பே வீட்டில் கணவன் மனைவி உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் பாதுகாப்பு வசதிகள் முழுமையாக உள்ள வகை. அதற்குப் பணம் போதாவிட்டால் பெரிய மாடலை விட்டு, அந்த வசதிகள் உள்ள சிறிய மாடலைப் பாருங்கள். இரண்டாவது வரிசையில் குழந்தை இருக்கையும் காப்புறுதிச் சேர்க்கைகளும். மூன்றாவதில் நல்ல தாள், கேமரா. இவற்றைக் கடனில் சேர்க்காமல், கையில் காசு சேரும்போது ஒவ்வொன்றாக வாங்குங்கள். மீதி எல்லாம் ஆசை. ஆசைப்படுவது தவறில்லை, அது தன் முறை வரும்வரை காத்திருக்கட்டும்.

புதுக் காரைக் கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுக்கும்போது நாம் வேண்டுவது, இதில் ஏறுகிறவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதைத்தானே? காசு கொடுக்கும் இடத்திலும் அதே வேண்டுதலை மனத்தில் வைத்துக்கொள்வோம்.