குடவோலையும் கட்-ஆஃபும்: ஆளை எடைபோடுவதை எங்கே நிறுத்த வேண்டும்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றி யார் எழுதினாலும் "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தேர்தல்" என்று ஆரம்பித்து, அதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் தேர்தலைவிட வேற ஒரு விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. அடுத்தவரைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்கள், ஒருவரை எதுவரைக்கும் எடைபோடலாம், எங்கே நிறுத்திக்கொள்ளணும் என்று யோசித்து எழுதிய விதிமுறை அது. இன்டர்வியூ எடுப்பவர், அப்ரைசல் போடுபவர், லோன் விண்ணப்பம் பார்ப்பவர் என்று இன்றைக்கு அந்த வேலையைச் செய்யும் எல்லோருக்கும் அதில் பாடம் இருக்கிறது. கூடவே ஒரு எச்சரிக்கையும்.

முதலில் கல்வெட்டைப் பார்த்துவிடுவோம். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) ஒரு விதிமுறை எழுதினார்கள். 14ஆம் ஆண்டிலேயே (921) அதைத் திருத்தி இன்னும் விரிவாக ஒன்று. நம்ம பாஷையில் சொன்னால் இரண்டே வருஷத்தில் வெர்ஷன் 2. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60, இரண்டாவதில் 35 முதல் 70.

921ஆம் ஆண்டு விதியை மூன்று படியாகப் பிரிக்கலாம்.

முதல் படி, தகுதி. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்கணும். சொந்த மனையில் வீடு இருக்கணும். வேதக் கல்வி இருக்கணும். நேர்வழியில் சம்பாதித்தவராக இருக்கணும். கல்வி கூடுதலாக இருந்தால் நிலம் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகையும் உண்டு.

இரண்டாம் படி, தகுதியின்மை. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரையும் எழுதக் கூடாது. அடுத்தவர் பொருளைத் திருடியவருக்கும் இடமில்லை.

மூன்றாம் படிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த இரண்டையும் தாண்டி வந்தவர்களில் யார் சிறந்தவர் என்ற கேள்வியையே அவர்கள் கேட்கவில்லை. 30 குடும்புகளுக்கும் தனித்தனியாகப் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் போட்டார்கள். சிறியவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்கும் மண்டபத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கணும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கணும். அவர் படித்ததை அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் திரும்பப் படிக்கணும்.

விரலை விரிக்கச் சொன்னது ஏன் என்று புரிகிறதில்லையா? கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்திருந்தால் தெரிந்துவிடும். நல்ல மனுஷன்தான், ஆனாலும் கையை விரி. முடிவெடுப்பவர் மேல் நம்பிக்கை வைக்கச் சொல்லாமல், நம்ப வேண்டிய அவசியத்தையே குறைத்துவிடுகிறது இந்த விதி.

இதில் ஒரு நுணுக்கம். இப்படித் தேர்வான 30 பேரும் அப்புறம்தான் பிரிக்கப்படுகிறார்கள். ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகியோரிலிருந்து 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு. மீதியில் 12 பேர் தோட்டத்துக்கு, 6 பேர் ஏரிக்கு. ஆக அனுபவத்தைப் பார்த்து முடிவெடுப்பதை அவர்கள் தூக்கிப் போடவில்லை. ஒருத்தரை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதற்கு அதைப் பயன்படுத்தவில்லை, எந்த வேலைக்கு அனுப்புவது என்பதற்கு மட்டும் பயன்படுத்தினார்கள்.

குலுக்கல் என்றால் சோம்பேறித்தனம் என்று தோணலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அளக்கக்கூடியதை அளந்தாச்சு, இதுக்கு மேல வித்தியாசம் சொன்னால் அது என் விருப்பு வெறுப்பாகத்தான் இருக்கும் என்று ஒத்துக்கொள்வது அது. இதில் முக்கியமான லாபம் தேர்வாகாதவருக்கு. ஓலை வரவில்லை, அவ்வளவுதான். "நீ அவனைவிட மட்டம்" என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இதே யோசனை இன்றைக்கும் நம்ம ஊரில் இருக்கிறது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் 200க்கு கட்-ஆஃப் போடுகிறார்கள். இரண்டு பேர் சமமாக வந்தால் கணக்கு மார்க், இயற்பியல் மார்க் என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். எல்லாமே சமமாக இருந்தால் கடைசியில் ரேண்டம் எண். கம்ப்யூட்டர் எடுக்கும் குடவோலை அது. ஆனா ஒரு வித்தியாசம். இங்கே குலுக்கல் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. அதுக்கு முன்னாடி அரை மார்க் வித்தியாசத்தைக்கூட நிஜமான வித்தியாசமாக எடுத்துக்கொள்கிறோம். 188.5 வாங்கிய பிள்ளை 188 வாங்கிய பிள்ளையைவிட நல்ல இன்ஜினியர் ஆகும் என்று எந்த ஆசிரியராவது சத்தியம் பண்ணுவாரா?

ஐடி கம்பெனிகளில் இது இன்னும் மோசம். பத்து பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் ஒருத்தரைக் கடைசியில் தள்ளியே ஆகணும் என்ற பெல் கர்வ் முறையில், இல்லாத வித்தியாசத்தை மேனேஜர் உண்டாக்க வேண்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2013ல் இந்த மாதிரி வரிசைப்படுத்துவதைக் கைவிட்டது.

இனி எச்சரிக்கை. குடவோலையைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் முதல் படியைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் ஒரு பிரம்மதேயம். நிலமும் வேதமும் தகுதி என்று வைத்தவுடனேயே பெண்களும், ஊரின் உழைப்பாளிகளும் ஓலைக்கு வெளியே போய்விட்டார்கள். குடத்துக்குள் இருப்பவர்களுக்கு நூறு சதவீத நியாயம். குடத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி அந்தக் குடத்துக்குத் தெரியவே தெரியாது.

நாங்கள் எழுதும் மென்பொருளிலும் இதே கதைதான். ஆட்களைத் தேர்வு செய்ய அமேசான் உருவாக்கிய ஒரு நிரல், பத்து வருஷமாக வந்த விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்கள் கல்லூரி என்ற மாதிரி வார்த்தை வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. அதைக் கைவிட்ட விஷயம் 2018ல் வெளியே வந்தது. கணக்கு சரியாக இருந்தாலும், எதைத் தகுதி என்று எடுத்துக்கொண்டோம் என்பதில் தப்பு இருந்தால் எல்லாமே தப்பு.

இன்னொரு இடமும் எனக்கு நெருடுகிறது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய பெரியம்மா சித்தி பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மச்சான், மருமகன் வரைக்கும் விலக்கு. சொந்தக்காரனை வைத்துப் பழைய கணக்கை மூடி மறைப்பதைத் தடுக்க இது உதவும், உண்மைதான். ஆனா மச்சான் செய்த தப்புக்கு இவர் என்ன செய்வார்? போனில் இருக்கும் தொடர்பு எண்களையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் கடன் செயலிகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வருகிறது. ஒருத்தரை அவர் செய்ததை வைத்து நிறுத்துவது வேறு, யாருக்குச் சொந்தம் என்பதை வைத்து நிறுத்துவது வேறு.

ஆக, அடுத்தவரை மதிப்பிடும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கு, கல்லில் இருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். பார்க்கப்போகும் தகுதிகளை ஆளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி, எல்லாரும் படிக்கிற இடத்தில் வையுங்கள். அந்தத் தகுதியால் யார் உள்ளேயே வர முடியாமல் போகிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் தெரியாத இடத்தில், தெரிகிற மாதிரி நடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வாரியத்துக்குத் தேர்வானவருக்குப் பதவி 360 நாள்தான், நடுவில் குற்றம் தெரிந்தால் அப்போதே நீக்கம். கணக்கு எழுதுபவரும் தன் கணக்கைப் பெரியவர்களிடம் ஒப்படைத்து, சரி என்று அவர்கள் சொல்லும்வரை மறுபடி அந்த வேலைக்கு வர முடியாது. நம்ம அப்ரைசல் ஃபாரங்களில் எல்லாருக்கும் மதிப்பெண் கட்டம் இருக்கிறது. மதிப்பெண் போட்டவர் ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்கும் கட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.